வாசுதேவநல்லூரில் ஒரு தூண்டிற்கோலும் அதன் உறையும்

சங்கரன்கோவிலில் இறங்கி மேற்கு நோக்கிப் பேருந்து ஏறுவோருக்கு, ஊர் வருமுன்பே மலை வந்துவிடுகிறது. கரிசல் நிலமும் பனை வரிசைகளும் மெல்லப் பின்தங்க, எதிரே நீல நிறத்தில் எழும் மேற்குத் தொடர்ச்சி மலை அருகே வர வரப் பச்சையாகி, அதன் மடிப்புகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும். அந்த மலையின் அடிவாரத்தில், வடக்கே சிவகிரிக்கும் தெற்கே புளியங்குடிக்கும் இடையே, மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையின் மேல் அமைந்துள்ளது வாசுதேவநல்லூர். நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த ஊர். 2019-ஆம் ஆண்டு முதல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தது.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலையில் நாம் அங்குச் சென்றபோது நம் மடியில் ஒரு நீண்ட கறுப்புப் பெட்டி இருந்தது. கைப்பிடியும் தோள்வாரும் பளபளக்கும் கொக்கிகளும் உடைய அப்பெட்டியைப் பக்கத்து இருக்கைப் பெரியவர் சங்கரன்கோவிலிலிருந்தே கவனித்துக்கொண்டு வந்தார். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "நாதஸ்வரமா ஐயா?" என்று கேட்டார். தூண்டிலுக்கு உறை என்றோம். "தூண்டிலுக்கா! அதுக்கு எதுக்கு ஐயா சட்டை?" என்று அவர் சிரித்தார். சிரிப்பு நியாயமானதே. நம் ஊர்களில் தூண்டில் என்றால் எட்டடி மூங்கிற்கழி, நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு மிதப்பு, முனையில் முள். வேலை முடிந்தால் கூரை இறவாணத்தில் செருகிவிடுவார்கள். அதற்கு உறை தேடுவோர் எவருமில்லை.

ஆனால் நாம் உறை கொண்டுபோன தூண்டிற்கோல் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

வாசுதேவநல்லூரில் நமக்கு மாமா முறையாகும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். வயது எண்பத்து நான்கு. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே உழைத்து, ஓய்வு பெற்றபின் பூர்வீக ஊருக்குத் திரும்பியவர். சங்கரன்கோவில், புளியங்குடி, வாசுதேவநல்லூர் வட்டாரங்களில் இத்தகைய குடும்பங்கள் பல உண்டு. பாட்டன் காலத்தில் கங்காணியின் பின்னே மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அம்மலைகளில் கொழுந்து பறிக்கிறார்கள். தோட்டத்தின் லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் அதைக் காலி செய்துகொண்டு, தாம் வாழ்ந்தறியாத சொந்த ஊருக்கு அவர்கள் வந்து சேர வேண்டும். மாமாவும் அப்படித்தான் வந்தார். வரும்போது இரும்புப் பெட்டிகள் இரண்டும், கம்பளி மூட்டையொன்றும், துரை ஒருவர் விடைபெறும்போது கொடுத்த தூண்டிற்கோலும் கொண்டுவந்தார்.

அந்தக் கோலின் கதையைச் சொல்லுமுன் மீனின் கதையைச் சிறிது சொல்ல வேண்டும். டிரௌட் என்னும் குளிர்நீர் மீன் நம் நாட்டு மீனன்று. அதை நீலகிரியில் வளர்க்க 1863-இலேயே டாக்டர் பிரான்சிஸ் டே முயன்றார், பயனில்லை. பின்னர் 1907-ஆம் ஆண்டளவில் வில்சன் என்பார் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைத்தபின்தான் அது நிலைத்தது. மூணாற்று மலைகளிலும் தேயிலைத் துரைமார்கள் தங்கள் ஓடைகளில் அதை விட்டு வளர்த்தார்கள். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர், இந்தியாவில் தூண்டிலிடுவதைப் பற்றியே 1873-இல் ஒரு நூல் எழுதி வெளியிட்டார் என்றால், அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு இதில் இருந்த மோகத்தை ஊகித்துக்கொள்ளலாம். துரை மீன் பிடிக்கப் போனால் பின்னால் கோலைச் சுமந்துகொண்டு ஒரு பையன் போவான். மாமா பதின்மூன்று வயதில் அந்தப் பையனாக இருந்தார்.

"தேயிலை மூட்டை கீழே விழுந்தா எடுத்துக்கலாம் மாப்பிள்ளை. இது விழுந்தா வேலை போச்சு" என்று அந்நாளைப் பற்றி அவர் நம்மிடம் சொல்வதுண்டு. துரை நடக்க, பையன் பின்தொடர, கோலின் நுனி எப்போதும் பின்புறமே இருக்க வேண்டுமாம். நுனியை முன்னே நீட்டிக்கொண்டு நடந்தால், கால் இடறும்போது அது மரத்திலோ மண்ணிலோ குத்தி முதலில் முறியும். நுனி பின்னால் இருந்தால் கிளையில் உரசினாலும் வளைந்து கொடுத்து வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் சாதாரணக் கழியைத் தூக்கிச் செல்லும்போதும் இதைச் சொல்லிக்கொடுப்பது நலம். எதிரே வருவோர் கண்ணுக்கும் அதுவே பாதுகாப்பு.

1970-களில் ஆங்கிலேயத் துரைமார்கள் பலர் தோட்டங்களை விட்டுத் தாயகம் திரும்பியபோது, மாமா பணிபுரிந்த துரையும் திரும்பினார். போகும்போது கோலை எடுத்துச் செல்லவில்லை. "உன் கையில் இருக்கட்டும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். அதனைக் கொண்டு மாமா டிரௌட் பிடித்ததை விட, வாசுதேவநல்லூர்க் குளத்தில் மண்புழு கோத்துக் கெண்டை பிடித்ததே அதிகம். இதைக் கேட்டால் அந்தக் கலையின் விற்பன்னர்கள் நெஞ்சில் அடித்துக்கொள்வார்கள். மாமாவுக்கு அந்தக் கவலையில்லை.

இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. பேரன் மூணாற்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தான். கோலை அவனிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது மாமாவின் விருப்பம். "நான் இருக்கையிலேயே அது மலைக்குப் போய்ச் சேரணும். ஆனா முறியாமப் போகணும். அதுக்கு நல்ல உறை ஒண்ணு பாருங்க மாப்பிள்ளை" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். வாசுதேவநல்லூரிலிருந்து இராஜபாளையம், தேனி, போடிநாயக்கனூர் என்று பேருந்து மாறி மாறிச் சென்று, போடிமெட்டின் பதினேழு கொண்டையூசி வளைவுகளையும் ஏறிக் கடக்க வேண்டிய வழி அது.

மாமா நம்மைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. நாம் அஞ்சியதற்கும் காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் தந்தையாரின் தூண்டிற்கோலை, தாமிரபரணிக் கரையிலிருந்து ஊருக்கு எடுத்து வருகையில், பழைய வேட்டியொன்றில் சுற்றிப் பேருந்தில் ஏற்றினோம். கூட்டத்தில் கதவு மூடியபோது வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சாண் நுனி உள்ளே வரவில்லை. சத்தம்கூடக் கேட்கவில்லை. வீட்டில் வேட்டியை அவிழ்த்தபோதுதான் தெரிந்தது. தந்தையார் ஒரு சொல்லும் சொல்லாமல் துண்டுகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். அதன்பின் அவர் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகவில்லை. வயதாகிவிட்டது என்று காரணம் சொன்னார்.

ஆகவே இம்முறை செலவைப் பாராமல், சென்னையிலுள்ள மருமகனை அனுப்பி, கடையிலேயே விலை உயர்ந்த பெட்டியை வாங்கச் செய்தோம். கோல் எவ்வளவு நீளம் என்று தொலைபேசியில் கேட்டதற்கு, "ஒன்பதடிக் கோல், மூணு துண்டு" என்றார் மாமா. மூன்று துண்டென்றால் துண்டு ஒன்றுக்கு மூன்றடி, அதாவது 36 அங்குலம். பெட்டியின் மேல் 38 அங்குலம் என்று அச்சிட்டிருந்தது. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

மாமா கோலை எடுத்துவந்து பாயின் மேல் விரித்தார். அடித்துண்டு, நடுத்துண்டு, நுனித்துண்டுகள் இரண்டு. ஒரு நுனி முறிந்தால் மற்றொன்று இருக்கட்டும் என்று அந்நாளிலேயே இரட்டையாகச் செய்தார்கள். தேன் நிறத்தில் மூங்கில். ஆனால் உருண்டையாக அன்று, அறுகோணமாக. மூங்கிலை முழுதாகப் பயன்படுத்தாமல், அதன் உறுதியான வெளிப்புறத் தோலோடு கூடிய ஆறு முக்கோணப் பட்டைகளாகச் சீவி, ஒட்டிச் சேர்த்து, பட்டு நூலால் இடையிடையே கட்டி, மெருகெண்ணெய் பூசிச் செய்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்கான மூங்கில் இந்தியாவிலிருந்தே இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போயிற்று. கல்கத்தா மூங்கில் என்று அதற்குப் பெயர். நம் ஊர்க் காடுகளில் வளரும் கல்மூங்கில் இனமே அது என்பர். பின்னர்த் தென் சீனத்தின் குவாங்டோங் பகுதியில் விளையும் மூங்கில் அதனினும் சிறந்தது எனக் கண்டு, டோன்கின் மூங்கில் என்ற பெயரால் அதையே எல்லோரும் விரும்பினர். 1950-க்குப் பின் சீனத்தோடு அமெரிக்க வணிகம் தடைப்பட்டபோது கண்ணாடி இழைக் கோல்கள் அந்த இடத்தைப் பிடித்தன. அதன்பின் கார்பன் இழை வந்தது. மூங்கிற்கோலை இன்றும் கையால் செய்வோர் உலகில் சிலரே.

துண்டுகளை ஒன்றோடொன்று இணைப்பவை உலோகப் பூண்கள். ஒன்று ஆண், ஒன்று பெண். செருகினால் காற்றும் புகாதபடி அமரும். நம் கணக்கு தவறியது அங்கேதான். செருகப்படும் பூணின் நீளத்தைச் சேர்த்தால் துண்டு 37¼ அங்குலம் இருந்தது. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த 38 அங்குலமோ வெளியளவு. உள்ளே இருபுறமும் தடித்த பஞ்சு வைத்திருந்ததால் உள்ளளவு 36½ அங்குலமே. கோலைக் கிடத்தினோம், முக்கால் அங்குலம் வெளியே நின்றது. பஞ்சை அமுக்கினால் போகும் என்றான் பேரன். மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

பெட்டி வாங்கும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. கோலின் மொத்த நீளத்தைத் துண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது போதாது. மிக நீண்ட துண்டைப் பூணோடு அளவுநாடா வைத்து அளக்க வேண்டும்; கடையில் பெட்டியைத் திறந்து உள்ளளவை அளக்க வேண்டும்; இரண்டுக்கும் இடையே இரண்டு அங்குலமாவது மீதி இருக்க வேண்டும். அச்சிட்ட எண்ணை நம்பி ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்த பெட்டி, இப்போது மாமா வீட்டில் குடைகளுக்கு உறையாகப் பயன்படுகிறது.

மலையில் இருந்த காலத்தில் இக்கோலை எதில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டோம். மாமா பரணிலிருந்து ஒரு மூங்கிற்குழாயை எடுத்துவரச் சொன்னார். காட்டு மூங்கிலின் பருத்த துண்டொன்றை எடுத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் உட்கணுக்களைத் துளைத்து, தோல் மூடி போட்டு அவரே செய்தது. மூணாற்றில் இருந்தவரை அதற்கு ஒரு குறையும் வரவில்லையாம். வாசுதேவநல்லூர் வந்த முதற் கோடையிலேயே நெடுக வெடித்துவிட்டது. மழை ஓயாத மலையில் ஈரம் குடித்துப் பழகிய மூங்கில், மலை மறைவில் கிடக்கும் இந்த ஊரின் வறண்ட காற்றில் சுருங்கி விரிசல் கண்டது. இத்தனை ஆண்டுகளும் கோல் துணிப்பையில், சுவரிலிருந்த ஆணியில், வெயில் படாத அறையில் செங்குத்தாகத் தொங்கியே நேராக நின்றிருக்கிறது. மூலையில் சாய்த்து வைத்திருந்தால் நிரந்தரமாக வளைந்திருக்கும்.

அந்த வெடித்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் நமக்கு ஒன்று விளங்கிற்று. உறையைக் கோலுக்காகத் தேடிக்கொண்டிருந்தோம். வழிக்காகத் தேடியிருக்க வேண்டும். சமவெளியில் பகை வெயிலும் பேருந்து நெரிசலும். மலையில் பகை ஈரம். ஈரமாக உள்ள மூங்கிற்கோலைக் காற்றுப் புகாத குழாயில் அடைத்துவைத்தால், முறிவதைக் காட்டிலும் கொடிய கேடு வரும்: மெருகு கொப்பளிக்கும், பூண் களிம்பேறும், பழைய பசை இளகும், துணியில் பூஞ்சை படரும். அடி தாங்குவதற்கு வெளியே கடினமும், உரசாதிருக்க உள்ளே மென்மையும், ஈரம் தங்காதிருக்கக் காற்று வழியும் ஆகிய மூன்றும் வேண்டும். அழகிய கறுப்புப் பெட்டியில் மூன்றாவது அறவே இல்லை. அதன் பஞ்சு, நீர் பட்டால் நாட்கணக்கில் ஈரத்தை வைத்துக்கொண்டிருக்கும் வகை.

வாசுதேவநல்லூரைச் சுற்றிலும் எலுமிச்சைத் தோப்புகள். புளியங்குடி எலுமிச்சைச் சந்தை நாடறிந்தது. தோப்பு உள்ள இடத்தில் கிணறும், கிணறு உள்ள இடத்தில் குழாயும் இருக்கும். ஆகவே கடைத்தெருவில் பிளாஸ்டிக் குழாய் விற்கும் கடைக்குக் குறைவில்லை. அங்கு மாமாவே நம்மை அழைத்துச் சென்றார். கடைக்காரர் அவரை "அண்ணாச்சி" என்று அழைத்து நாற்காலி போட்டார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் சாம்பல் நிறக் குழாய், 75 மில்லிமீட்டர் அளவு, நாற்பது அங்குலம் வெட்டித் தரும்படி கேட்டோம். அத்தனை சிறிய துண்டு எதற்கு என்று அவர் கேட்க, மாமா விளக்கினார். விளக்கம் முடியுமுன் கடையில் நால்வர் கூடிவிட்டனர். ஒருவர் 110 மில்லிமீட்டர் குழாயே உறுதி என்றார். அது வேண்டாம் என்றோம். அகலம் கூடினால் உள்ளே கோல் உருண்டு அடிபடும், கைக்கும் பாரம், பேருந்தில் இருக்கைக்கடியில் நுழையாது. 75 மில்லிமீட்டர்க் குழாயில் நான்கு துண்டுகளும் பையோடு சேர்ந்து அசையாமல் அமர்ந்தன. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு.

கீழ்ப்புறம் மூடியைப் பசையிட்டு நிரந்தரமாக அடைத்தார். மேற்புறம் திருகு மூடி. பசையிட்டு அடைத்தால் போதும், திறக்கையில் அறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. பேரன் அதை மறுத்தான். மலைப் பாதையில் சோதனைச் சாவடி உண்டு. நீண்ட குழாயைக் கண்டால் துப்பாக்கியோ என்று கேட்பார்கள். நின்ற இடத்திலேயே திருகித் திறந்து காட்ட வேண்டும் என்றான். இது நமக்குத் தோன்றாத விஷயம். வெட்டிய விளிம்பின் பிசிறுகளை உப்புத்தாளால் தேய்த்து, திருகு மூடிக்குக் கீழே இரண்டு சிறு துளைகள் இட்டு, பூச்சி புகாதபடி கொசுவலைத் துணியை உட்புறம் ஒட்டினோம். மழையில் அவற்றின் மேல் ஒரு நாடாவை ஒட்டிக்கொள்ளலாம்.

ஆனால் அன்றே கோலை அதில் வைக்கலாகாது. குழாய்ப் பசையின் ஆவி மூக்கைத் துளைத்தது; மூடிய குழாயினுள் அது தங்கினால் கோலின் மெருகை இளக்கிவிடும். வாசனை முற்றிலும் போகும்வரை மூடியைத் திறந்து காற்றாட வைக்க வேண்டும். பேரன் மறுநாள் புறப்படுவதாக இருந்தது; ஒரு நாள் தள்ளிவைத்தான். அதனால் நமக்கும் இந்த ஊரில் ஒரு முழுநாள் கிடைத்தது.

விடியற்காலையில் குளத்தங்கரைக்குச் சென்றோம். வடகிழக்குப் பருவமழை நிரப்பிய நீர் கரை தொட்டு நின்றது. மலையின் பிம்பம் நீரில் பாதி தூரம் விழுந்திருக்க, மறுபாதியில் கொக்குகள் வெயில் காய்ந்தன. ஐந்தாறு சிறுவர்கள் மூங்கிற்கழிகளோடு வந்தார்கள். ஒரு சிறுவன் முள்ளைப் பப்பாளித் தண்டில் குத்தி வைத்திருந்தான். வரும் வழியில் யார் மீதும் கீறாமலிருக்க அவன் கண்ட உறை அது. வேறொருவன் நரம்பைச் சிறு குச்சியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் தூண்டில் போடும் பிள்ளைகளை ஒன்றும் சொல்வதில்லையாம். வலை போட்டால்தான் வருவாராம். நற்செய்தியிலும் வலைகளே மிகுதி. தூண்டில் வருவது ஒரே இடத்தில்தான்: கோயில் வரிக்கான நாணயத்தை மீனின் வாயில் காணும்படி ஆண்டவர் இராயப்பரைக் கடலுக்கு அனுப்பும் நிகழ்ச்சி, மத்தேயு, பதினேழாம் அதிகாரம். வலைஞரான இராயப்பர் அந்தத் தூண்டிலை எங்கிருந்து எடுத்தார், எதில் வைத்திருந்தார் என்பதை மத்தேயு எழுதவில்லை.

மலையடிவாரத்துத் தலையணைப் பகுதிக்குப் போய் ஓடையில் தூண்டிலிடலாமே என்று நினைக்கும் இளைஞருக்கு ஒரு சொல். அம்மலைக்காடுகள் 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தோடு சேர்ந்தவை. வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதும், மீன் பிடிப்பதும் குற்றம்.

பகலில் ஊரைச் சுற்றினோம். சிவபெருமான் மாதொருபாகனாக எழுந்தருளியிருக்கும் சிந்தாமணிநாதர் கோயில் இவ்வூரின் பெருமை. மற்றொரு பெருமை, இப்போது மண்ணோடு மண்ணாகிவிட்ட கோட்டை. அண்மையிலுள்ள நெற்கட்டும்செவலைத் தலைநகராகக் கொண்ட பூலித்தேவருக்கு உரிய கோட்டை அது. 1759-இல் யூசுப்கான் படையோடு வந்து முற்றுகையிட்டும் அதைப் பிடிக்க இயலவில்லை. 1767-இல் கர்னல் டொனால்ட் காம்ப்பெல் பீரங்கிகளோடு வந்து பிடித்தார். பாளையக்காரர் கோட்டைகள் பெரும்பாலும் மண்ணால் ஆனவை. கல் மதில் குண்டு பட்டால் சிதறும். மண் மதில் குண்டை விழுங்கிக்கொள்ளும். உறையைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்த நமக்கு அன்று கோட்டையும் உறையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

பிற்பகலில் தையற்காரரிடம் சென்றோம். பழைய துணிப்பை நைந்திருந்ததால் புதிது வேண்டும். சங்கரன்கோவில் தறியில் நெய்த பருத்தித் துண்டு ஒன்றை எடுத்து, நீளவாக்கில் நான்கு அறைகள் வரும்படி தைக்கச் சொன்னோம். ஒரு துண்டு மற்றொன்றோடு உரசாதிருக்க அறை தனித்தனியாக வேண்டும். பட்டுப் போன்று வழுக்கும் செயற்கைத் துணியைத் தையற்காரர் சிபாரிசு செய்தார். அது ஈரத்தை உறிஞ்சாது என்பதால் வேண்டாமென்றோம். மேலே மடித்துக் கட்ட ஒரு நாடா. மாமா அதில் ஒரு திருத்தம் சொன்னார்: நாடாவைத் தளர்வாகத்தான் கட்ட வேண்டும், இறுக்கினால் நுனி வளைந்து அப்படியே நின்றுவிடும். தொங்கவிடுவதற்கு ஒரு காதும் தைத்துக் கொடுத்தார் தையற்காரர். கூலியாக வாங்கியது, அந்தக் கறுப்புப் பெட்டியின் கொக்கி ஒன்றின் விலைகூட இராது.

மறுநாள் காலையில் குழாயை முகர்ந்து பார்த்தோம். மாமாவும் முகர்ந்தார். கண் மங்கியவருக்கு மூக்கு கூர்மை. "இப்போ சரி" என்றார். கோலின் துண்டுகளை உலர்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொன்றாகப் பேரனின் கையில் கொடுத்தார். பூணை எப்படிக் கழற்ற வேண்டும் என்று மட்டும் மறுபடியும் சொன்னார்: திருகாதே, நேராக இழு. குழாயின் அடியில் ஒரு துண்டு கம்பளி வைத்தோம், மலையிலிருந்து அவர் கொண்டுவந்த கம்பளியில் வெட்டியது. மேலேயும் ஒரு துண்டு. மூடியைத் திருகிக் குலுக்கிப் பார்த்தான் பேரன். ஓசையில்லை.

புறப்படுகையில் நாமும் சில சொன்னோம். பேருந்தின் மேற்கூரையிலோ பின்புறச் சாமான் அறையிலோ போடவேண்டாம். முழங்கால்களுக்கிடையே செங்குத்தாகப் பிடித்துக்கொள். வெயிலில் நிற்கும் வண்டியில் விட்டு இறங்காதே. அவனுடைய நண்பர்கள் இக்காலத்துக் கார்பன் கோல்கள் வைத்திருப்பதாகச் சொன்னதால் இன்னொன்றும் சேர்த்தோம்: கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும், நீட்டிய கோலோடு மின்கம்பியின் கீழ் நடப்பது உயிருக்கு ஆபத்து. மின்மயமான இருப்புப்பாதையின் மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. இரயில் நிலையத்திலும், வயல்வெளி மின்கம்பிகளின் அடியிலும் கோலைத் துண்டு துண்டாகக் கழற்றி உறையில் இட்டே எடுத்துச் செல்ல வேண்டும். உறை கோலை மட்டும் காப்பதன்று. "சரி மாமா" என்று தலையசைத்தான்.

இராஜபாளையம் பேருந்து வந்தது. மாமா குழாயின் மேல் கை வைத்து, மூடியிலிருந்து அடிவரை ஒருமுறை தடவிவிட்டுப் பேரனிடம் கொடுத்தார். பேருந்து சிவகிரிச் சாலையில் திரும்பி மறைந்தபின்னும் அவர் அந்தத் திசையிலேயே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும் சுவரிலிருந்த ஆணியைத் தொட்டுப் பார்த்தார்.

இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது. போடிமெட்டில் மூடுபனியாம், வழியில் ஓரிடத்தில் குழாயைத் திறந்து காட்டச் சொன்னார்களாம், தூண்டில் என்றதும் இரு காவலர்கள் ஆசையோடு பார்த்தார்களாம். நான்கு துண்டுகளும் நலம். டிரௌட் ஓடைகளில் யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று தோட்டத்து அலுவலகத்தில் கேட்கப்போவதாகப் பேரன் சொல்லிக்கொண்டே போனான். மாமா அதையெல்லாம் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"குழாயை விட்டு வெளியே எடுத்தியா?" என்றார்.

எடுத்துவிட்டேன் தாத்தா என்றான்.

"பையோட தொங்கவிட்டியா?"

"தொங்கவிட்டேன்."

"அடுப்படிச் சுவரிலே இல்லையே?"

இல்லை என்றான். மாமா தொலைபேசியை நம்மிடம் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனார்.